விமான பாகத் தொழிற்சாலை விரிவாகிறது: எனக்கு அதில் இடம் இருக்குமா?

கேள்வி: நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் உள்ள விமான பாகத் தொழிற்சாலை விரிவாகப் போகிறது, 600 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இப்போதே வேலையை விட்டுவிட்டு அங்கே முயற்சி செய்யலாமா? என் தங்கை மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருக்கிறாள். அவளுக்கு அங்கே என்ன வாய்ப்பு? இன்னொன்று, நண்பர் ஒருவர் சேர்ந்து கடன் வாங்கி ஒரு சிஎன்சி மெஷின் போட்டுவிட்டால் அங்கிருந்து ஆர்டர் வந்துகொண்டே இருக்கும் என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை.

பதில்: மூன்றுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனு போடுங்கள், ஆனால் கையில் நியமனக் கடிதம் வரும்வரை இப்போதுள்ள வேலையை விடாதீர்கள். தங்கைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு வகையில் உங்களைவிட அவருக்கு வழி சுலபம். நண்பர் சொல்லும் கடன் இப்போதைக்கு வேண்டாம். விமான பாகத் தொழிற்சாலைகளில் தரப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் அந்த 600. இப்படி ஒரு எண்ணைக் கேட்டதும், அடுத்த மாதம் கேட்டைத் திறந்து 600 பேரை உள்ளே எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் மனசு நினைக்கும். அறிவிப்பில் வரும் எண் பெரும்பாலும் புது ஆலை முழு வேகத்தில் ஓடும் நாளுக்கான கணக்கு. அந்த நாள் சில வருடம் தள்ளி இருக்கும். சில அறிவிப்புகளில் கட்டுமானக் கூலி வேலையும், பொருள் கொடுக்கும் மற்ற நிறுவனங்களில் உருவாகும் வேலையும், ஏற்கெனவே இருப்பவர்களின் ‘காப்பாற்றப்பட்ட’ வேலையும்கூட சேர்ந்திருக்கும். அறிவிப்பைப் படிக்கும்போது நேரடி வேலை எத்தனை, எந்த வருடத்துக்குள், எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தத்தில் என்று தேடிப் பாருங்கள். அதில் இல்லையென்றால் நேர்முகத் தேர்வில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? கட்டடம் எழும்புவது ஒரு பகுதிதான். ஐந்து திசைகளில் அசைந்து வெட்டும் ‘ஃபைவ் ஆக்சிஸ்’ மெஷின்களுக்கு ஆர்டர் கொடுத்து, அவை வந்து, அடித்தளத்தில் உட்கார்ந்து, துல்லியம் சோதிக்கப்படவே மாதக்கணக்கில் ஆகும். அதற்கப்புறம்தான் இந்தத் தொழிலின் உண்மையான வாசல்படி வருகிறது: முதல் பாகச் சோதனை. ஏஎஸ் 9102 என்ற தரநிலையின்படி செய்வது. பாகத்தின் டிராயிங்கை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு எண் கொடுத்து வட்டம் போடுவார்கள். ‘கூர்மையான ஓரங்களை மழுக்கவும்’ என்று மூலையில் ஒரு வரி இருந்தால் அதற்கும் ஒரு எண் உண்டு. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக அளந்த அளவு என்ன, எந்தக் கருவியால் அளந்தது, உலோகம் எந்த முறை உருக்கிய தொகுதியிலிருந்து வந்தது, அதன் சான்றிதழ் எங்கே என்று எழுதிக் கோப்பாகக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். சின்ன பாகமாக இருந்தாலும் நூறு, இருநூறு வரிகள் வந்துவிடும். பழைய கட்டடத்தில் வருடக்கணக்காகச் செய்துவந்த அதே பாகமாக இருந்தாலும், தயாரிக்கும் இடம் மாறினால் இந்தச் சோதனை மறுபடி தேவைப்படும். வெப்பப் பதனம், ரசாயனப் பூச்சு, வெல்டிங் போன்றவற்றுக்கு நாட்கேப் என்ற தனி அங்கீகாரம் வேறு. பாகத்தை வெளியிலிருந்து பார்த்தால் இவை சரியாக நடந்தனவா என்று தெரியாது. அதனால் செய்யும் முறையையே தணிக்கை செய்து சான்று கொடுக்கிறார்கள்.

இந்த வரிசையைப் பார்த்தாலே ஆள் எடுக்கும் வரிசையும் புரியும். முதலில் மெஷின் பராமரிப்பு ஆட்கள், புரோகிராமர்கள், தரப் பிரிவு, மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் அனுபவமுள்ள செட்டர்கள் என்று ஒரு சிறு கூட்டம் போகும். ஆபரேட்டர்களைப் பெரிய எண்ணிக்கையில் எடுப்பது முதல் பாகங்களுக்கு ஒப்புதல் கிடைத்து, மாதாந்திர உற்பத்தி ஏறத் தொடங்கிய பிறகு. உங்களுக்கான அலை அதுதான். முதல் அறிவிப்பில் அழைப்பு வரவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வேலை நிலைக்குமா என்பது அடுத்த கவலை. ஆர்டருக்குப் பஞ்சமில்லை. 2024 முடிவில் ஏர்பஸ் நிறுவனம் ஆர்டர் வாங்கி இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த விமானங்கள் 8,658. அந்த வருடம் அது கொடுத்தது 766. அதே வேகத்தில் போனால் பதினொரு வருடத்துக்கு வேலை இருக்கிறது. 2019இல் கொடுத்த 863ஐக்கூட அப்போது அது எட்டவில்லை. என்ஜின், இருக்கை, உதிரிபாகம் என்று ஏதாவது ஒன்று நேரத்துக்கு வராமல் விமானங்கள் காத்து நின்றன. பாகத் தொழிற்சாலைகளை விரிவாக்கச் சொல்லி நெருக்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குடும்பத்தோடு முடிவெடுக்கப் போகிறவர் நீங்கள். பாகத் தொழிற்சாலையின் தலையெழுத்து வேறொருவர் கையில் இருக்கிறது. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விபத்துகளுக்குப் பிறகு 2019 மார்ச்சில் உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டன. 2020 ஜனவரியில் போயிங் அதன் உற்பத்தியையே நிறுத்தியது. அந்த விமானத்தின் உடற்பகுதியைச் செய்துவந்த ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் அதே மாதம் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 2,800 பேரை ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தது. அந்த விமானங்கள் விழுந்ததற்குக் காரணம் அவர்கள் கையால் செய்த வேலை இல்லை. ஆனாலும் முதலில் வீட்டுக்குப் போனது அவர்கள்தான். அடுத்து கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் ஏர்பஸ் தன் ஏ320 குடும்ப விமானங்களை மாதம் 60 என்ற அளவிலிருந்து 40ஆகக் குறைத்தது. 2024 ஜனவரியில் பறந்துகொண்டிருந்த ஒரு 737 மேக்ஸிலிருந்து பயன்படாத கதவு இடத்தை மூடியிருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனதும், மாதத்துக்கு 38க்கு மேல் செய்யக்கூடாது என்று அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வரம்பு போட்டது.

அதனால் சேருவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இங்கே செய்யும் பாகங்கள் எந்தெந்த விமானங்களுக்குப் போகின்றன? ஒரே விமானத்துக்கு, ஒரே வாடிக்கையாளருக்கு என்றால் ஆபத்து அதிகம். இரண்டு மூன்று விமான வகைகள், கூடவே என்ஜின் பாகங்கள், பழுதுபார்ப்புக்கான உதிரிபாகங்கள் என்று பரவியிருந்தால் ஒரு பக்கம் இடிந்தாலும் இன்னொரு பக்கம் தாங்கும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மேலாளர் இருக்கும் இடம் பெரும்பாலும் வேலை செய்யத் தகுந்த இடமாகவே இருக்கும்.

விரிவாக்கம் இரண்டு மடங்கு என்றால் ஆட்களும் இரண்டு மடங்கு என்று இல்லை. லீப் என்ற விமான என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் நாசிலின் முனை ஒரு நல்ல உதாரணம். முன்பு சுமார் இருபது துண்டுகளைச் சேர்த்து இணைத்துச் செய்த பாகம் அது. ஜிஇ நிறுவனம் அமெரிக்காவின் ஆபர்னில் உள்ள ஆலையில் முப்பரிமாண அச்சு முறையில் அதையே ஒரே துண்டாகச் செய்கிறது; 2018இல் 30,000 முனைகளை எட்டிவிட்டது. இருபது துண்டைச் சேர்த்துப் பற்றவைத்த கைகளுக்கு அங்கே வேலை இல்லை. அச்சு மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கும், உலோகத் தூளைப் பரிசோதிப்பவருக்கும், வெளியே வந்த பாகத்தைச் சோதிப்பவருக்கும் வேலை உண்டு. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

சரி, உங்கள் அனுபவத்துக்கு வருவோம். பதினொரு வருடம் சிஎன்சியில் நின்றது சும்மா இல்லை. ஆஃப்செட் (டூலின் நிலையைத் திருத்தும் அளவு) பார்ப்பது, டூல் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுகொள்வது, மைக்ரோமீட்டரைச் சரியான அழுத்தத்தில் பிடிப்பது எல்லாம் அப்படியே கைகொடுக்கும். மாறுவது வேலையின் தாளம். வாகன பாகத்தில் ஒரு பீஸுக்கு சில வினாடி, சில நிமிடம். ஷிப்டுக்கு எத்தனை என்பதுதான் பேச்சு. விமான பாகத்தில் ஒரு அலுமினியக் கட்டி மணிக்கணக்கில் மெஷினிலேயே இருக்கும். இறக்கைக்குள் போகும் சில பாகங்களில் பத்தில் ஒன்பது பங்கு உலோகம் சீவலாகப் போய், மெல்லிய சுவர்களும் விலாக்களும் மட்டும் மிஞ்சும். கடைசி ஓட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் அதுவரை செய்த வேலை முழுக்கப் போச்சு. டைட்டானியம் இன்னும் பிடிவாதமானது. வெட்டும்போது எழும் சூடு உலோகத்துக்குள் பரவாமல் டூலின் முனையிலேயே தங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, கூலண்டைக் கொட்டி, முனை மழுங்குவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ‘இன்னும் நாலு பீஸ் ஓடும்’ என்று டூலை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில் டெல்டா 1288 என்ற எம்டி-88 விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, இடது என்ஜினின் முன்விசிறியைத் தாங்கும் டைட்டானிய மையச் சக்கரம் உடைந்தது. துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்து இருவர் இறந்தார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, அந்தச் சக்கரத்தில் துளை போட்ட வேலைக்கே போய் நின்றது. துளையிடும்போது உட்சுவரில் ஒரு இடத்தில் உலோகத்தின் அமைப்பே மாறியிருந்தது. அந்த இடத்திலிருந்து விரிசல் தொடங்கி, ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. தயாரிப்பின்போது செய்த சோதனையிலும் அது தப்பிவிட்டது. பின்னாளில் விமான நிறுவனத்தின் பராமரிப்பில், ஒளிரும் திரவம் பூசிச் செய்த சோதனையில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விரிசலும் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு துளை. அதைப் போட்ட மெஷினுக்கும் விபத்துக்கும் இடையில் வருடங்கள் ஓடிவிட்டன.

இதனால்தான் ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு ரூட் கார்டு பயணம் செய்கிறது. உலோகம் எந்த முறை உருக்கிய தொகுதி, எந்த மெஷின், யார் செய்தார், யார் சோதித்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். சோதித்தவரின் முத்திரைக்குத் தனி எண் உண்டு. அதை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பது பெரிய குற்றம். வெட்டிய ஓரத்தில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிறை எடுக்கும் மேஜையில் நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். துளையின் ஓரத்தை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே விட்டுப்போன பிசிறு ஒரு விரிசலுக்குப் பிறப்பிடம் ஆகலாம். பல பேர் அதை எடுபிடி வேலை என்று நினைக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களை அந்த மேஜையில் உட்காரவைத்தால் முகம் சுளிக்காமல் உட்காருங்கள். பாகத்தின் எந்த ஓரம் எதற்கு முக்கியம் என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் வேறு இல்லை.

அளவு தவறிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நேர்முகத் தேர்வில் உறுதியாகக் கேட்பார்கள். கேட்பவர் உங்கள் திறமையைச் சோதிக்கவில்லை, பயத்தைச் சோதிக்கிறார். பாகத்தை அப்படியே நிறுத்தி, அடையாளச் சீட்டு கட்டி, மேற்பார்வையாளரிடம் சொல்வேன் என்பதுதான் பதில். பாகம் கெட்டுப்போவதை இந்தத் தொழில் தாங்கிக்கொள்ளும். மறைத்தவரை வைத்துக்கொள்ளாது. ரிஜெக்ட் ஆனால் திட்டு விழும் என்று பயந்து பழகிய இடத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த மாற்றம்தான் கஷ்டமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உண்மையைச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அழைப்பு வரும்வரை என்ன செய்யலாம்? டிராயிங் படிப்பதில் நேரம் போடுங்கள், முக்கியமாக வடிவ, நிலைத் துல்லியக் குறியீடுகளில். ஒரு துளையின் விட்டம் சரியாக இருந்தால் போதாது. அது எந்தப் பரப்பை அடிப்படையாகக் கொண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குறியீட்டைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். பல அனுபவசாலிகள் விழுவது இங்கேதான். அளவெடுக்கும் சிஎம்எம் மெஷின் உங்கள் தற்போதைய தொழிற்சாலையில் இருந்தால், அதை இயக்குபவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஏஎஸ் 9100 என்ற தர அமைப்பைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்தால் போதும். அதற்கென்று நிறையப் பணம் கட்டி வகுப்புக்குப் போகத் தேவையில்லை, சேர்ந்த பிறகு அவர்களே பயிற்சி கொடுப்பார்கள். ஆரம்பச் சம்பளம் உங்கள் இன்றைய சீனியாரிட்டி சம்பளத்தைவிடக் குறைவாக வரலாம். பயிற்சிக் காலம் எவ்வளவு, அப்புறம் எந்த நிலைக்கு உயர்த்துவார்கள், இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் உண்டா என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் தங்கையைப் பற்றி எழுத எனக்கு உற்சாகமாக இருக்கிறது. பழைய பழக்கங்களை விட வேண்டிய தேவை அவருக்கு இல்லை என்பதால்தான் அவருக்கு வழி சுலபம் என்றேன். இரண்டு பாதைகள் அவருக்குப் பொருந்தும். ஒன்று, பாகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் துறை: ஒளிரும் திரவம், காந்தத் துகள், மீயொலி, எக்ஸ்ரே, சுழல் மின்னோட்டம் என்று ஐந்து முக்கிய முறைகள். விமானத் துறையில் இதற்கான தகுதியை ஈஎன் 4179, என்ஏஎஸ் 410 என்ற தரநிலைகள் வகுக்கின்றன. வகுப்பறைப் பயிற்சி நேரம், மேற்பார்வையில் வேலை செய்த அனுபவ நேரம், எழுத்து மற்றும் செய்முறைத் தேர்வு, அருகில் இருப்பதைப் பார்க்கும் கண்பார்வைச் சோதனை, நிறம் பிரித்தறியும் சோதனை எல்லாம் உண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தகுதிச் சான்றை இறுதியாகக் கொடுப்பது வேலை கொடுக்கும் நிறுவனம். தனியார் நிலையம் ஒன்றில் சில நாள் படித்துச் சான்றிதழ் வாங்கினால் உடனே விமான பாகத்தில் கையெழுத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிப்படை தெரிந்துகொள்ள அந்தப் படிப்பு உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கார்பன் இழையைப் பிசினோடு சேர்த்துச் செய்யும் பாகங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் எடையில் பாதியளவு இந்தக் கலப்புப் பொருள்தான். பிசின் ஊறிய இழைத் துணியை உறைகுளிர் அறையிலிருந்து எடுத்ததிலிருந்து நேரம் கணக்கிடப்படும். அனுமதித்த நேரத்துக்குள் அடுக்கி முடிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் இழைத் திசையும் டிராயிங்கில் சொன்னபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் உரித்த பாதுகாப்புத் தாளைப் பத்திரமாக எடுத்துவைத்துச் சரிபார்ப்பார்கள், ஏனென்றால் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டால் வெளியே தெரியாது, அந்த இடம் ஒட்டாது. பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு இந்த வேலை நன்றாக அமையும். அந்தத் தொழிற்சாலை உலோகம் மட்டும் செய்கிறதா, இதையும் செய்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் இடம் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விரிவாக்கச் செய்தி வந்த இடங்களில் இப்படிப்பட்டவர்கள் உடனே முளைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக நண்பரின் யோசனை. மெஷின் போட்டதும் ஆர்டர் வராது. பறக்கும் பாகத்தை வெளியே கொடுக்க வேண்டுமென்றால், வாங்குபவரின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அதற்கு ஏஎஸ் 9100 சான்று, தணிக்கை, முன்னால் சொன்ன முதல் பாகச் சோதனை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அது முடிவதற்குள் மாதத் தவணை கழுத்தைப் பிடித்துவிடும். ஆனால் விரிவாகும் தொழிற்சாலைக்குப் பறக்காத பொருட்களும் நிறைய வேண்டும்: பாகத்தை மெஷினில் பிடித்துவைக்கும் ஃபிக்சர்கள், சோதனை கேஜ்கள், பாகங்களைக் கீறல் விழாமல் கொண்டுபோகும் தட்டுகள், பெட்டிகள், டூல்களைத் தீட்டித் தரும் வேலை. சிறு பட்டறைகள் உள்ளே நுழைந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். நண்பரிடம் ஏற்கெனவே பட்டறை இருந்தால், தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவைப் போய்ப் பார்த்து, இப்போது எந்த ஃபிக்சரை வெளியே வாங்குகிறார்கள், யாரிடம், எவ்வளவு நாளில் என்று கேட்கட்டும். எழுத்தில் ஒரு ஆர்டர் கைக்கு வந்த பிறகு, அந்த ஆர்டர் தாங்கும் அளவுக்கு மட்டும் கடனைப் பற்றிப் பேசலாம். நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்துக்கே வெளியிலிருந்து பொருள் கொடுக்கும் பங்குதாரராகவும் இருப்பது பல நிறுவனங்களின் விதிகளுக்கு ஒத்துவராது. இரண்டில் எது என்பதை மனு போடும் முன்பே நண்பரிடம் பேசி முடித்துவிடுங்கள்.